மண்ணின் தேய்வும் மனிதனின் தேய்வும்
(ஐக்கிய அமெரிக்க வரிக்கணக்கு ஒன்றின் வரலாறு)

'குந்தித் தின்றால் குன்றும் கரையும்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சோம்பேறியைக் கண்டிப்பதற்கென்றே நாம் இதனைப் பெரும்பாலும் எடுத்தாள்கின்றோம். எனினும், இச்சிறு வாசகத்தினுள் ஒரு பொருளியல் உண்மையும் பொதிந்து கிடக்கின்றது. வயல் போகந்தோறும் விளையும்; தென்னை மறுபடியும் காய்க்கும். ஆனால், நிலத்தினடியிற் கிடக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். இன்று விற்ற பீப்பாய் நாளை ஊறிவருவதில்லை. எனவே, சுரங்க உடைமையாளனின் கையில் வந்து விழும் பணம் முழுவதும் அவனது வருமானமா, அன்றி அவனது சொத்தின் ஒரு பகுதியே பணமாக மாறி வந்துள்ளதா என்னும் கேள்வி எழுகின்றது.

இக்கேள்விக்கு வருமான வரிச் சட்டம் கூறிய விடையே வளக்குறைவுக் கழிவு என்பது. கணக்காளரின் மேசையோடு முடிந்துபோகும் வறண்ட விஷயம் இது என்று நம் வாசகர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் தவறு. ஒரு சமுதாயம் எதனை இழப்பென்று ஒப்புக்கொள்கின்றது, எதனை இழப்பென்று காண மறுக்கின்றது என்பதை அதன் கவிதையைக் காட்டிலும் அதன் கணக்குப் புத்தகமே வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஐக்கிய அமெரிக்காவில் இக்கழிவு நடந்துவந்த பாதையை ஆராய்வோமாயின் இவ்வுண்மை நன்கு புலனாகும்.

இக்கழிவின் அடிப்படையிலேயே நியாயம் இல்லை என்று நாம் கூறவரவில்லை. ஓர் ஆலையின் இயந்திரம் ஆண்டுதோறும் தேய்கின்றது. அதன் பெறுமானத் தேய்வைக் கழித்த பின்னரே இலாபத்தைக் கணக்கிடுகின்றோம். சுரங்கத்துக்கும் இது பொருந்தும். ஒருவன் இரண்டு இலட்சம் டொலர் கொடுத்து ஓர் எண்ணெய் நிலத்தை வாங்குகிறான் என்று கொள்வோம். அந்நிலத்தினடியில் பத்து இலட்சம் பீப்பாய் எண்ணெய் உண்டென்று மதிக்கப்படுகின்றது. அப்படியாயின், ஒவ்வொரு பீப்பாயும் அவனுக்கு நிலக்கிரயமாக 20 சதம் செலவை உண்டாக்கியிருக்கின்றது. ஓராண்டில் ஓர் இலட்சம் பீப்பாய் எடுத்தால் 20,000 டொலரைக் கழித்துக்கொள்ளலாம். பத்தாண்டுகளில் எண்ணெயும் தீரும். அவன் கொடுத்த இரண்டு இலட்சமும் வரியின்றி அவன் கைக்குத் திரும்பிவிடும். இதனைக் கிரய முறை என்பர். போட்டதை எடுத்துக்கொள், அதற்கு மேற்பட்டதற்கு வரி செலுத்து என்னும் நேரிய கணக்கு இது. நமது பாடசாலை மாணவன் ஒருவனும் இதனை ஒப்புக்கொள்வான்.

ஆனால், வரலாறு இந்நேரிய கணக்கோடு நின்றுவிடவில்லை.

1909ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனங்களின் வருமானத்தின்மீது ஐக்கிய அமெரிக்கா ஒரு வரியை விதித்தது. கொலராடோ மாநிலத்தில் ஸ்ற்றற்றன்ஸ் இன்டிபென்டன்ஸ் என்னும் பெயருடைய தங்கச் சுரங்க நிறுவனம், தான் தோண்டி விற்ற தாதின் பெறுமதியைக் கழித்துவிட்டால் தனக்கு வருமானமே இல்லை என்று வழக்காடியது. 1913இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. அதே 1913இல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் நிறைவேறி, வருமான வரி நிலைபெற்றது. அவ்வாண்டின் வரிச் சட்டமே சுரங்கங்களுக்கு ஒரு கழிவைக் கொடுத்தது. அது எடுத்த பொருளின் மொத்தப் பெறுமதியில் நூற்றுக்கு 5 வீதத்தை மேற்படலாகாது என்பது அன்றைய வரம்பு. 1913ஆம் ஆண்டை வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். அதனிடம் நாம் மீண்டும் வருவோம்.

1916இல் கழிவின் எல்லை கிரயத்தோடு பிணைக்கப்பட்டது. எனினும், 1913 மார்ச் முதலாந் திகதிக்கு முன்னரே சொத்தை வைத்திருந்தவர்கள் அன்றைய சந்தைப் பெறுமதியைக் கிரயமாகக் கொள்ளலாம் என்று விடப்பட்டது. இதுவே அணையில் விழுந்த முதற்கீறல். முதல் உலகப் போர் அதனை அகலப்படுத்தியது. போருக்கு எண்ணெய் வேண்டும். புதுக் கிணறுகளைத் தேடுவோருக்கு ஊக்கம் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட வளத்துக்கு, உடைமையாளன் கொடுத்த கிரயத்தையன்றிக் கண்டுபிடித்த வேளையில் அதற்கிருந்த சந்தைப் பெறுமதியையே அடிப்படையாகக் கொண்டு கழிக்கலாம் என்று 1918ஆம் ஆண்டு வரிச் சட்டம் விதித்தது. அச்சட்டம் கையொப்பம் பெற்றது 1919 பெப்ரவரியில். போரோ 1918 நவம்பரிலேயே ஓய்ந்துவிட்டது! போரின் பெயராற் பிறந்த சலுகை போர் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வந்தது.

இங்கு நிகழ்ந்த மாற்றம் அளவு மாற்றமன்று, தன்மை மாற்றமாகும். அதுவரை கழிக்கப்பட்டது உடைமையாளன் போட்ட முதல். இப்போது கழிக்கப்பட்டதோ அவன் ஒருபோதும் போடாத முதல். இயற்கை கொடுத்ததை அவன் கொடுத்ததாகக் கணக்கெழுதச் சட்டம் துணைநின்றது.

கண்டுபிடிப்புப் பெறுமதியை யார் மதிப்பது? நிறுவனங்களின் பொறியியலாளர் ஒரு தொகை சொல்வர். இறைவரிப் பணியகத்தின் பொறியியலாளர் வேறொரு தொகை சொல்வர். பேரம் அடைத்த கதவுகளுக்குப் பின்னால் நடந்தது. 1924இல் மிச்சிகன் மாநிலத்துச் செனற்றர் ஜேம்ஸ் கசன்ஸ் தலைமையில் அமைந்த செனற் விசாரணைக் குழு இவ்விஷயத்தைத் தோண்டியது. துணிந்து புதுக் கிணறு தேடும் சிறியவனுக்கென்று சொல்லி வழங்கிய சலுகையின் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களையே சென்றடைந்தது என்பது அதன்வழி வெளியாகியது. அன்று திறைசேரிச் செயலாளராயிருந்தவர் அன்ட்ரூ மெலன். அவருடைய குடும்பத்துக்கு கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தில் பெரும் பங்கிருந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே கசன்ஸ் முன்னர் போட் நிறுவனப் பங்குகளை விற்றதற்கு ஒரு கோடி டொலருக்கு மேல் வரி பாக்கி என்று இறைவரிப் பணியகம் அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. 1928இல் வந்த தீர்ப்போ, அவர் செலுத்தவேண்டியது ஒன்றுமில்லை, உண்மையில் மிகையாகவே செலுத்தியிருக்கிறார் என்று கூறியது. கேள்வி கேட்பவனுக்கு நேர்வது என்ன என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமோ?

அக்குழுவின் விசாரணைக்குப் பின்னர் சலுகை ஒழிக்கப்பட்டிருக்கும் என்று நினைப்போர் ஏமாறுவர். 1926இல் கண்டுபிடிப்பு முறை எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நீக்கப்பட்டது உண்மையே. அதனிடத்தில் வந்தது வீத முறை. இனி மதிப்பீடும் வேண்டாம், பேரமும் வேண்டாம். மொத்த வருமானத்தில் ஒரு வீதத்தைக் கழித்துவிட்டால் போதும் என்றனர். பிரதிநிதிகள் சபை 25 வீதம் என்றது. செனற் சபை 30 வீதம் என்றது. இரண்டுக்கும் நடுவே 27.5 வீதம் என்று உடன்பாடு கண்டனர். தேறிய வருமானத்திற் பாதியை அக்கழிவு மேற்படலாகாது என்பது ஒன்றே தடை. 5 வீதமோ 10 வீதமோ கேட்டிருக்கலாம், பேராசையால் 27.5ஐப் பற்றிக்கொண்டோம், அரை வீதம் ஒட்டிக்கொண்டிருந்ததால் அது விஞ்ஞானக் கணக்குப்போலத் தோன்றியது என்று ரெக்சாஸ் அரசியல்வாதி ரொம் கொனலி பிற்காலத்தில் கூறியதாக ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவ்வெண் நிலவியலிலிருந்து பிறக்கவில்லை, பேரத்திலிருந்தே பிறந்தது என்பது வரலாறு.

நம் முன்னைய உதாரணத்துக்குத் திரும்புவோம். இரண்டு இலட்சம் டொலர் நிலம். ஆண்டுக்கு ஓர் இலட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 3 டொலர் விலை. மொத்த வருமானம் மூன்று இலட்சம். எடுக்குஞ் செலவு ஓர் இலட்சம் என்று வைத்தால் தேறியது இரண்டு இலட்சம். கிரய முறையில் அவன் கழிப்பது 20,000 டொலர். வீத முறையிலோ 82,500 டொலர். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அவன் கொடுத்த கிரயம் முழுவதும் திரும்பிவிடும். எனினும், கழிவு நிற்பதில்லை. கிரயம் வெறுமையான பின்னரும், கிணறு ஓடும்வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். பத்தாண்டு முடிவில் அவன் கழித்திருப்பது 8,25,000 டொலர். அதாவது, போட்டதைப்போல் நான்கு மடங்குக்கு மேல்! இதுவும் போதாதென்று, கிணறு துளைக்கையிற் செலவாகும் கூலி, எரிபொருள் முதலியவற்றை அவ்வாண்டிலேயே கழித்துக்கொள்ளும் உரிமையும் தனியாக உண்டு. ஒரே முதலை இருமுறை மீட்கும் வித்தை இது.

இன்னுமொரு விந்தையைக் கவனிக்க வேண்டும். கழிவு மொத்த வருமானத்தின் வீதமாதலால், எண்ணெய் விலை 3 டொலரிலிருந்து 6 டொலராக உயர்ந்தால் கழிவும் இரட்டிக்கும். நிலத்தினடியில் ஒரு துளி கூடுதலாகக் குறையவில்லை. ஆயினும், 'குறைவுக்' கழிவு இரு மடங்காகின்றது. வளத்தின் குறைவை அளக்க வந்த கோல், இலாபத்தின் பெருக்கத்தை அளக்கும் கோலாக மாறிவிட்டது.

இச்சலுகைக்குச் சார்பாகக் கூறப்பட்ட நியாயங்களையும் ஒதுக்காமல் நோக்குதல் வேண்டும். எண்ணெய் தேடுவது ஆபத்தான முயற்சி. பல துளைகள் வறண்டு போகும். நாட்டின் பாதுகாப்புக்கு எண்ணெய் வேண்டும் என்றனர். ஆபத்து உண்டென்பது மெய்யே. ஆயின், வறண்ட துளையின் செலவை நட்டமாகக் கழிக்கத் தனி வழி இருந்தது. வீதக் கழிவோ வறண்ட துளைக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. எண்ணெய் பெருகும் கிணற்றுக்கே கொடுக்கின்றது. துளையிடுதலில் ஒரு சதமும் செலவழியாது நிலவாடகைப் பங்கு மட்டும் பெறும் நிலவுடைமையாளனுக்கும் அது கிடைத்தது. விழுந்தவனுக்கு ஊன்றுகோல் என்று சொல்லி, ஓடுபவனுக்குக் குதிரை கொடுத்த கதை இது.

எண்ணெய்க்குக் கொடுத்ததைக் கண்ட ஏனையோர் வாளாவிருப்பரோ? 1932இல் உலோகச் சுரங்கங்களுக்கு 15 வீதமும், கந்தகத்துக்கு 23 வீதமும், நிலக்கரிக்கு 5 வீதமும் வழங்கப்பட்டன. 1951இல் நிலக்கரியின் வீதம் 10 ஆகியது. அதே ஆண்டில் மணலும், சரளைக்கல்லும், சிப்பி ஓடுங்கூட 5 வீதக் கழிவுக்குரிய அருஞ்செல்வங்களாயின. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், விலக்கப்பட்டவற்றை எண்ணுவதே எளிதாயிற்று. மண், புல்தரை, நீர், பாசி, கடல்நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் பெறும் கனிமங்கள் ஆகியனவே வெளியே நின்றன. காற்றுக்கு அன்று உடைமையாளன் இருந்திருந்தால் அதற்கும் ஒரு வீதம் கேட்டிருப்பான் போலும்!

எதிர்ப்பு எழாமலில்லை. 1937இல் றூஸ்வெல்ற் ஆட்சியினர் இச்சலுகையைத் தாக்கினர். 1950இல் சனாதிபதி ட்றூமன், வரிச் சட்டத்தின் ஓட்டைகளுள் இதனைப்போல் அநீதியானது பிறிதில்லை என்னும் கருத்துப்படக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். செனற்றர் போல் டக்ளஸ் ஆண்டுக்கு ஆண்டு திருத்தம் கொண்டுவந்தார். ஆண்டுக்கு ஆண்டு தோற்றார். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக நெடுங்காலம் வீற்றிருந்த சாம் றேபேர்ண் ரெக்சாஸ்காரர். வரி விஷயங்களைக் கையாளும் குழுவுக்கு இச்சலுகையை எதிர்ப்போர் நுழையாவண்ணம் அவர் கண்ணுங்கருத்துமாயிருந்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஒக்லஹோமாவின் செனற்றர் றொபேட் கேர் தாமே ஓர் எண்ணெய் நிறுவனத்தின் தாபகர். சட்டம் இயற்றுவோரும் சலுகை பெறுவோரும் ஒருவரேயாயின், அங்கு வாதம் எதற்கு?

இக்கணக்கின் நிழல் நம் நாட்டின்மீதும் ஒருமுறை வீழ்ந்ததுண்டு. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962இல் ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் ஆகிய நிறுவனங்களின் விநியோக வசதிகளில் ஒரு பகுதி அரசுடைமையாக்கப்பட்டது. நட்டஈடு பற்றிய பிணக்குத் தீராமையால் 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. முந்திய ஆண்டில் நிறைவேறிய ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதற் பிரயோகிக்கப்பட்டது இச்சிறு தீவின்மீதுதான். 1965இல் ஆட்சி மாறி நட்டஈட்டு உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே உதவி மீண்டது. எஸ்ஸோவுக்கும் கல்ரெக்சுக்கும் உரிமை பூண்ட அமெரிக்கத் தாய் நிறுவனங்கள் அந்நாளில் தம் எண்ணெய்க் கிணறுகளுக்கு, அவை அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும், 27.5 வீதக் கழிவைப் பெற்றுக்கொண்டிருந்தன. இலங்கையின் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் நிலையங்களுக்கும் காசுக்குக் காசு ஈடு கேட்ட அதே நிறுவனங்கள், தம் நாட்டுத் திறைசேரியிடம் இழப்பின் பன்மடங்கை இழப்பீடாகப் பெற்றுவந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இதுவரை நிலத்தின் தேய்வையே பேசினோம். நிலத்தினடியிற் சென்று உழைத்தவனின் தேய்வை இனி நோக்குவோம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு பொருள்கள் குறைகின்றன. ஒன்று கரி; மற்றது தொழிலாளியின் நுரையீரல். கரித்தூசி ஆண்டுக்கணக்காக மார்பினுட் படிந்து, மூச்சை மெல்லமெல்ல அடைத்து, ஈற்றில் படியேறவும் இயலாதவனாக அவனை ஆக்கிவிடுகின்றது. கருநுரையீரல் நோய் என்று சுரங்க மக்கள் இதனை அழைத்தனர். கரி மீண்டும் ஊறாததுபோல நுரையீரலும் மீண்டும் முளைப்பதில்லை. 'வளக்குறைவு' என்னும் சொல்லுக்கு இதனைவிடப் பொருத்தமான உதாரணம் இருக்க முடியாது. ஆயினும், தொழிலாளியின் கூலியிலிருந்து அவனது உடலின் தேய்வைக் கழித்து வரிபோடுமாறு எச்சட்டமும் சொல்லவில்லை. அவனது சம்பளம் முழுவதும் 'வருமானம்' எனவே கொள்ளப்பட்டது.

சுரங்க உடைமையாளனுக்குச் சட்டம் தானே கொண்டுவந்து கொடுத்ததைத் தொழிலாளி வேலைநிறுத்தத்தினாலேயே பெறவேண்டியிருந்தது. 1946இல் ஜோன் எல். லூயிஸ் தலைமையில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் போராடியது. அரசாங்கம் சுரங்கங்களைத் தன் கைப்படுத்திச் சங்கத்தோடு உடன்படிக்கை செய்தது. அதன்படி, எடுக்கும் ஒவ்வொரு தொன் கரிக்கும் 5 சதம் தொழிலாளர் நலநிதிக்குச் செல்லலாயிற்று. 1952இல் அது 40 சதமாக உயர்ந்தது. தொன்னுக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட இந்நிதியைத் தொழிலாளர் தம் கரத்தாற் பறித்தெடுத்த வளக்குறைவுக் கழிவு என்று கூறுதல் மிகையாகாது. அதே காலத்தில் உடைமையாளருக்கு 5 வீதம் 10 வீதமாயிற்று. அதற்கு ஒருநாளேனும் எவரும் பட்டினி கிடக்கவில்லை.

1968 நவம்பர் 20ஆந் திகதி மேற்கு வேர்ஜீனியாவின் பாமிங்ரன் என்னுமிடத்திற் சுரங்கம் வெடித்து 78 தொழிலாளர் மாண்டனர். தீயை அணைக்கச் சுரங்கம் மூடி முத்திரையிடப்பட்டது. 19 பேரின் உடல்கள் பின்னரும் மீட்கப்படவேயில்லை. அடுத்த பெப்ரவரியில் அம்மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளர் சுமார் 40,000 பேர், தம் சங்கத் தலைமையின் அனுமதியையும் எதிர்பாராது, கருநுரையீரலுக்கு நட்டஈடு கோரி வேலையை நிறுத்தினர். மாநிலச் சட்டமன்றம் பணிந்தது. அவ்வலை தலைநகர் வாஷிங்ரனையும் எட்டியது.

1969 டிசம்பர் 30ஆந் திகதி சனாதிபதி நிக்சனின் மேசைக்கு வந்த சட்டங்களுள் இரண்டு நம் கதைக்குரியன. ஒன்று வரிச் சீர்திருத்தச் சட்டம். நாற்பத்து மூன்றாண்டுகள் அசையாதிருந்த 27.5 வீதத்தை அது 22 ஆகக் குறைத்தது. மற்றது நிலக்கரிச் சுரங்கச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம். தூசியின் அளவுக்கு வரம்பு கட்டி, கருநுரையீரலால் முடங்கியோருக்கு மத்திய அரசு முதன்முதலாக உதவித்தொகை வழங்க அது வழிசெய்தது. தொண்ணூற்றோராவது காங்கிரசின் சட்டத் தொகுதியில் முன்னையதன் இலக்கம் 172. பின்னையதன் இலக்கம் 173. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள்! ஆனால், அவற்றுக்கிடையே கிடக்கும் தூரத்தை இலக்கம் காட்டாது. சுரங்கத்தின் தேய்வைச் சட்டம் ஒப்புக்கொண்டது 1913இல். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலின் தேய்வை அது ஒப்புக்கொண்டது 1969இல். மண்ணுக்கும் மனிதனுக்குமிடையில் ஐம்பத்தாறு ஆண்டுகள்.

பிந்திய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் விலை ஏறி, நிறுவனங்களின் இலாபம் பெருகியபோது மக்களின் சினமும் பெருகியது. 1975இல் பெரிய எண்ணெய் நிறுவனங்களுக்கு வீதக் கழிவு அடியோடு நீக்கப்பட்டது. சிறு உற்பத்தியாளருக்கும் நிலவாடகைப் பங்கு பெறுவோருக்கும் மட்டும், நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்னும் வரம்போடு, படிப்படியாக 15 வீதமாகக் குறைந்து இன்றுவரை அது நிலைத்துள்ளது. நிலக்கரிக்குரிய 10 வீதமும் இன்றுவரை நிலைத்துள்ளது. கருநுரையீரல் நோயாளருக்கென 1978 முதல் தொன்வாரியாக அறவிடும் வரியைக் கொண்டு இயங்கிய நிதியமோ பல்லாண்டுகளாகக் கடனிலேயே மூழ்கிக் கிடக்கின்றது. ஒழிந்துவிட்டது என்று கருதப்பட்ட அந்நோயின் கொடிய வடிவம் இந்நூற்றாண்டில் அப்பலாச்சிய மலைநாட்டில், நடுவயதும் எட்டாத தொழிலாளரிடையேயும் மீண்டும் தலைதூக்கியுள்ளது. கரிப்படுகை மெலிந்தமையால் பாறையையும் சேர்த்துக் குடைய நேர்ந்தமையும், அதனால் எழும் கல்தூசியுமே இதற்குக் காரணமென மருத்துவ அறிஞர் கூறுகின்றனர். மண்ணின் குறைவே மனிதனின் குறைவாக மாறிநிற்கும் கொடுமை இது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கணக்கு நடுநிலையானது என்னும் நம்பிக்கை தவறானது என்பதே. கூட்டலும் கழித்தலும் எவருக்கும் பொதுவானவையே. ஆனால், எதனைக் கூட்டுவது, எதனைக் கழிப்பது என்று தீர்மானிப்பது வர்க்கங்களுக்கிடையிலான பலமாகும். அப்பலம் மாறிய வேளைகளிலேதான் கணக்கும் மாறியது. 1946இலும் 1969இலும் 1975இலும் நிகழ்ந்தது அதுவே. எந்த நிபுணரின் நல்லெண்ணமும் தனியே அதனை மாற்றிவிடவில்லை.

நம் ஆசிரியர்கள் வகுப்பறையில் வீதக் கணக்கைக் கற்பிக்கின்றார்கள். 'மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 27.5 வீதம் கழிக்க' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவன் விடையைச் சரியாகக் கண்டுவிடுவான். ஏன் 27.5, யாருக்கு, யாருடைய கையிலிருந்து என்றும் அவன் எழுந்து கேட்பானாயின், அன்றுதான் நாம் கணக்குக் கற்பித்தோம் என்று கூறிக்கொள்ளலாம். குன்று கரைவது பழமொழியறிந்த செய்தி. அதனைக் கரைத்தவனுக்கு ஈடு கிடைத்து, அதனைச் சுமந்தவன் மூச்சுத் திணறி நிற்பது பழமொழி அறியாத செய்தி. அதனைச் சொல்லுவது நம் கடன்.